கொழும்பு ஹோட்டல் படங்கள்: யாரிடம் வாங்குவது, எவ்வளவு காலத்துக்கு?

டொரன்டோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ கொழும்புக்கு வரப்போகிற குடும்பம் ரூம் தேடும்போது எழுத்தைப் பிறகுதான் படிக்கும். முதலில் படம். கட்டில் எத்தனை, பாத்ரூம் எப்படி, ஜன்னலைத் திறந்தால் கடலா பக்கத்து வீட்டுச் சுவரா என்று பார்த்த பிறகுதான் விலைக்கே வருவார்கள். இந்தக் குடும்பங்களை நம்பி ஒரு இணையத்தளம் தொடங்கி, முன்பதிவு இணைப்பு வைத்து, கொமிஷனில் நடத்தலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கத்தான் செய்கிறார்கள். எழுதத் தெரியும், இணைப்பு வைக்கத் தெரியும். படத்தில் வந்துதான் நிற்பார்கள்.

கூகிளில் தேடி, ரைட் கிளிக் பண்ணிச் சேமித்து, கீழே "நன்றி: இணையம்" என்று போடும் பழக்கத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படம் எடுத்த கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதியத் தேவையில்லை, மூலையில் பெயர் பொறிக்கத் தேவையில்லை. எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். "நியாயமான பயன்பாடு" என்று ஒரு பிரிவு அதே சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் வணிக நோக்கமா, முழுதாக எடுத்தீர்களா, மூலப் படத்தின் சந்தையைப் பாதிக்கிறதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். கொமிஷன் இணைப்புக்கு மேலே முழுப் படத்தை வைத்தவருக்கு இந்த மூன்றில் எதுவும் கைகொடுக்காது.

நன்றி போட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் நல்ல பதில் கொடுத்தது. ஜேர்மனியில் ஒரு பாடசாலை மாணவி ஸ்பானிய மொழி வகுப்புக்காகக் கோர்டோபா நகரின் படத்தை ஒரு பயணத் தளத்தில் இருந்து எடுத்தார். எங்கிருந்து எடுத்தார் என்பதையும் படத்தின் கீழே எழுதினார். அந்தக் கட்டுரை பாடசாலையின் இணையத்தளத்தில் ஏறியது. படக்கலைஞர் அனுமதி கொடுத்திருந்தது அந்தப் பயணத் தளத்துக்கு மட்டும். இறக்கி வேறு தளத்தில் ஏற்றினால் புதிதாக அனுமதி வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலாபம் எதுவும் பார்க்காத வகுப்புக் கட்டுரைக்கே இந்த நிலை என்றால், கொமிஷன் தளம் என்ன சொல்லித் தப்பும்?

நீங்கள் கொழும்பில் இருந்தாலும் உங்கள் சேர்வர் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும், வாசகர்களும் வெளிநாட்டில் இருப்பார்கள். 1998 இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் கீழ் ஒரு புகார் போனால் ஹோஸ்டிங் நிறுவனம் பக்கத்தை இறக்கிவிடும், கூகிளும் தேடலில் இருந்து எடுத்துவிடும். அமெரிக்காவில் உரிய நேரத்தில் பதியப்பட்ட படமென்றால் நீதிமன்றம் ஒரு படைப்புக்கு 750 டொலரில் இருந்து 30,000 டொலர் வரை விதிக்கலாம். தெரிந்தே செய்தது என்றால் 150,000 வரை போகலாம். ஒரு சின்னத் தளம் அத்தனை கொமிஷனை என்றைக்குப் பார்ப்பது?

சரி, வழிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றையும் நான் இரண்டு கேள்வியால்தான் அளப்பேன்: தருகிறவருக்குத் தர உரிமை இருக்கிறதா? கொடுத்ததை எப்போது திருப்பி எடுக்கலாம்? இலவசமா என்ற கேள்வி அதற்குப் பிறகு.

முன்பதிவுத் தளங்கள் தரும் படங்கள்

ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், தாஜ் சமுத்ரா, 2024 இல் திறந்த ஐடிசி ரத்னதீப போன்ற பெரிய ஹோட்டல்களுக்கு இதுதான் நேர் வழி. ஹோட்டல் தன் படங்களை புக்கிங் டொட் கொம், அகோடா, எக்ஸ்பீடியா போன்ற தளங்களில் ஏற்றும்போது, அவற்றைக் கூட்டாளிகளுக்கும் கொடுக்கும் உரிமையைத் தளத்துக்கு அளிக்கிறது. தளம் அதை ஏபிஐ (இரண்டு தளங்களின் மென்பொருள்கள் நேராகத் தகவல் வாங்கும் வழி) வழியாகவோ விட்ஜெட் (அவர்களே செய்து தரும், பக்கத்தில் ஒட்டும் சின்னப் பெட்டி) வழியாகவோ உங்களுக்குத் தருகிறது. உரிமை ஹோட்டலில் தொடங்கித் தளம் வழியாக உங்களிடம் வருகிறது. சங்கிலி அறுபடவில்லை.

ஆனால் இங்கே பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அஃபிலியேட் திட்டத்தில், அதாவது கொமிஷனுக்கு இணைப்பு வைக்கும் திட்டத்தில், சேர்ந்தாலே அந்தத் தளத்தின் எல்லாப் படங்களையும் எடுத்துப் போடலாம் என்று நினைக்கிறார்கள். இணைப்பு வைக்கும் அனுமதி வேறு, உள்ளடக்கத்தைப் பயன்படுத்தும் அனுமதி வேறு. சாதாரண இணைப்பும் பதாகையும் மட்டும் பெற்ற உறுப்பினருக்குப் படங்கள் தானாக வருவதில்லை. ஏபிஐ பெரும்பாலும் தேர்ந்தெடுத்த கூட்டாளிகளுக்கே கிடைக்கும், புதிதாகத் தொடங்கிய தளத்துக்கு உடனே திறக்காது. அதுவரைக்கும் அவர்களே தரும் விட்ஜெட், தேடல் பெட்டி, பதாகை இவற்றில் வரும் படங்களோடு நிற்க வேண்டியதுதான்.

ஒப்பந்தத்தை முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் இந்த நான்கு இடத்தையாவது தேடிப் பாருங்கள். படத்தை உங்கள் சேர்வரில் சேமிக்கலாமா, அல்லது அவர்களுடைய சேர்வரில் இருந்தே காட்ட வேண்டுமா? வெட்டலாமா, மேலே எழுத்துப் போடலாமா? உங்கள் முகநூல் பக்கத்துக்கும் அனுமதி உண்டா? விலகினால் எத்தனை நாளில் நீக்க வேண்டும்? இந்த கடைசிக் கேள்விதான் முக்கியம். இந்தப் படங்கள் வாடகை வீடு மாதிரி. திட்டம் முடிந்த அன்று உங்கள் பக்கங்களும் வெறுமையாகிவிடும். நூறு பக்கத்துக்கு ஒரே திட்டத்தின் படங்களை வைத்திருப்பவர், கணக்கை மூடிவிட்டோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வார் என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. அகோடாவின் படத்தை வைத்து அதற்குக் கீழே புக்கிங் டொட் கொம்மின் பொத்தானை வைப்பவர்களைப் பார்க்கிறேன். இரண்டும் புக்கிங் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள்தான். அதற்காக ஒரு ஒப்பந்தம் மற்றதற்குச் செல்லாது. எந்தத் திட்டத்தின் படமோ அந்தத் திட்டத்தின் இணைப்புத்தான்.

கூகிளும் டிரிப்அட்வைசரும்

கூகிளின் பிளேசஸ் ஏபிஐ ஒரு இடத்துக்குப் பத்துப் படங்கள் வரை தரும். வெள்ளவத்தைச் சின்ன லொட்ஜுக்கும் அதில் படம் இருக்கும் என்பதுதான் இதன் கவர்ச்சி. படம் எடுத்தவரின் பெயரைக் காட்ட வேண்டும், கூகிளின் அடையாளத்தையும் காட்ட வேண்டும். இடத்தின் அடையாள எண்ணைச் சேமிக்கலாம், படத்தைச் சேமித்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டும், இலவச அளவு தாண்டினால் காசு. டிரிப்அட்வைசரின் ஏபிஐயும் கிட்டத்தட்ட இதே ஒழுங்குதான்: இடத்துக்கு ஐந்து படம், ஐந்து விமர்சனம், அவர்களுடைய சின்னம் கட்டாயம், சேமிக்கத் தடை.

சட்டப்படி இரண்டும் சுத்தம். என் அபிப்பிராயம் என்னவென்றால், ஒரு சின்னத் தளத்துக்கு இது தேவையற்ற தலைவலி. எந்தப் படம் வரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு விடுதிப் பக்கத்தில் யாரோ சாப்பிட்ட கொத்துரொட்டியின் படம் முதலில் வந்து நிற்கலாம்.

ஹோட்டலிடமே கேட்பது

எனக்குப் பிடித்த வழி இது. கொழும்பில் இருப்பவருக்கு டொரன்டோவில் இருப்பவரைவிடக் கிடைத்த பெரிய வசதியும் இதுதான்: நடந்து போய்க் கேட்கலாம்.

பெரிய ஹோட்டல்களின் இணையத்தளத்தில் ஊடகங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும், பெரிய அளவில் படங்கள் கிடைக்கும். பார்த்தவுடன் சந்தோஷப்பட வேண்டாம், நிபந்தனையைப் படியுங்கள். செய்திக்கும் கட்டுரைக்கும் என்று கொடுத்த படத்தை விற்பனை இணைப்போடு போடுவது வேறு காரியம். சந்தைப்படுத்தல் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் மறுப்பது குறைவு, பதில் வரத்தான் இழுக்கும்.

வெள்ளவத்தை விடுதிகளின் கதை வேறு. காலி வீதியில் இருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு விடுதி. முதலாளி வரவேற்பு மேசையிலேயே இருந்தார். கேட்டவுடன், "தம்பி, எங்கட பேஸ்புக் பக்கத்தில எல்லாம் கிடக்கு. விருப்பமானதை எடுத்துப் போடுங்கோ" என்றார். படம் ஆர் எடுத்தது என்று கேட்டேன். "அது எங்கட மருமகன்ர கலியாணத்துக்கு வந்த கமராக்காரப் பெடியன். ரூமையும் ஒருக்கா எடுத்துத் தந்தவன்." காசு கொடுத்தாரா? சாப்பாடு கொடுத்தாராம்.

இதுதான் சிக்கல். முதலாளி மனதாரத் தருகிறார், ஆனால் தருவதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக எடுத்த படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்கு. இந்தப் பெடியன் ஊழியர் இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் உரிமை எடுத்தவரிடமே இருக்கிறது என்று எண்ணி நடப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு மேலே, தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும் படைத்தவருக்கு இலங்கைச் சட்டத்தில் தனியாக உண்டு. நல்ல வேளையாக அந்தப் பெடியனின் நம்பர் முதலாளியின் போனில் இருந்தது. ஒரு அழைப்பில் முடிந்தது. பெயர் போட்டால் சரி என்றார்.

அனுமதி கேட்கும் செய்தி இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். உங்கள் விடுதியைப் பற்றி எங்கள் தளத்தில் எழுதுகிறோம். பக்கத்தில் முன்பதிவு இணைப்பு இருக்கும், அதில் எங்களுக்குக் கொமிஷன் கிடைக்கும். இத்துடன் அனுப்பும் ஆறு படங்களையும் அந்தப் பக்கத்திலும் எங்கள் முகநூல் பக்கத்திலும் போட அனுமதி வேண்டும். அளவைக் குறைப்போம், வேறு மாற்றம் செய்யமாட்டோம். படங்களை எடுத்தவர் யார்? இணையத்தில் பயன்படுத்தவும் எங்களுக்குத் தரவும் அவர் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறாரா? அவர் பெயரைப் படத்தின் கீழ் போடுவோம். பின்னர் நீங்கள் நீக்கச் சொன்னால் 14 நாட்களுக்குள் நீக்குவோம்."

கொமிஷனை மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பிறகு தெரியவந்து கோபிப்பதைவிட முன்பே தெரிந்து சம்மதிப்பது நல்லது. படங்களையும் செய்தியோடு அனுப்ப வேண்டும். "உங்கள் படங்கள்" என்று பொதுவாகக் கேட்டுப் பெற்ற "ஓம்" எந்தப் படத்துக்கு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வட்ஸ்அப்பில் கதைத்தாலும் கடைசியில் ஒரு மின்னஞ்சலாக வாங்கிவிடுங்கள். போன் மாறினால் வட்ஸ்அப் உரையாடல் போய்விடலாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, ஆகவே கையெழுத்திட்ட கடதாசிதான் வேண்டும் என்று அலையத் தேவையில்லை.

நீங்களே எடுப்பது

உரிமை முழுக்க உங்களுடையது, யாரும் திருப்பிக் கேட்க முடியாது. விலை நேரமும் பஸ் காசும். இதற்கு இன்னொரு பலனும் உண்டு: ஹோட்டல் காட்டாததை நீங்கள் காட்டலாம். மரைன் டிரைவ் பக்கம் "கடல் பார்த்த அறை" என்றால் கடலுக்கும் அறைக்கும் இடையில் ரயில் பாதையும் பார்த்த அறை என்று அர்த்தம். ரயில் போகும் நேரத்தில் ஜன்னலில் இருந்து எடுத்த ஒரு படம், அதிகாலைத் தூக்கத்தை மதிக்கிறவருக்குப் பத்து விமர்சனத்துக்குச் சமம். லிஃப்ட் இல்லாத விடுதியின் படிக்கட்டை ஒரு படம் எடுங்கள். முழங்கால் நோவுள்ள அம்மாவைக் கூட்டி வருகிறவர்கள் தேடுவது அதைத்தான். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மண்டபத்தில் கலியாணத்துக்கு வருகிறவருக்கு விடுதி வாசலில் இருந்து வீதி எப்படி இருக்கிறது என்பது லொபியின் பூச்சாடியைவிட முக்கியம். இந்தப் படங்கள் வேறு எந்தத் தளத்திலும் இருக்காது.

பழையவர்கள் வெளியேறிப் புதியவர்கள் வருமுன், அறை கூட்டித் துடைத்த பிறகு போங்கள். பெரும்பாலும் நண்பகலை ஒட்டிய நேரம். போனில் அரை மடங்கு லென்ஸைப் போட்டு எட்டடி அறையைப் பதினாறு அடியாகக் காட்ட வேண்டாம். வந்து இறங்கியவர் திட்டுவது விடுதியை மட்டும் இல்லை.

வீதியில் நின்று முகப்பை எடுப்பது ஒன்று, உள்ளே எடுப்பது வேறொன்று. தனியார் இடம், முகாமையாளரின் சம்மதம் வேண்டும். பெரிய ஹோட்டல் லொபியில் விருந்தினர் செல்ஃபி எடுப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள், முக்காலியை விரித்தால் பாதுகாப்பு ஊழியர் வந்துவிடுவார். நீச்சல் தடாகத்தில் இருப்பவர்களின் முகம் வரக் கூடாது, அதிலும் பிள்ளைகள். ட்ரோன் ஆசை இருந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வாங்குங்கள். கோட்டை, காலிமுகத்திடல் பகுதியில் பாதுகாப்புக் கெடுபிடி உள்ளதால் அந்த ஆசையை விட்டுவிடுவதே மேல்.

பொது உரிமப் படங்களும் ஸ்டொக் படங்களும்

1864 இல் தொடங்கிய காலி முகத்திடல் ஹோட்டல், துறைமுகத்தருகே கிராண்ட் ஓரியண்டல், கல்கிசையில் மவுண்ட் லவினியா போன்ற பழைய கட்டடங்களைப் பற்றி எழுதினால் விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா கொமன்ஸ் நல்ல இடம். முகப்புப் படங்கள் கிடைக்கும், அறைகளின் படங்கள் அருமை. அங்கே பல படங்கள் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில், அதாவது படைத்தவர் சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் அனுமதியில் இருக்கும். அதில் பெரிய நன்மை, ஒருமுறை தந்ததைத் திருப்பி எடுக்க முடியாது. படைத்தவர் மனம் மாறிப் படத்தை நீக்கினாலும் நீங்கள் முன்பு பெற்ற உரிமை நிற்கும். அதனால் எடுத்த அன்றே உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

உரிமத்தின் வகையைப் பார்க்காமல் எடுப்பதில்தான் ஆபத்து. "வணிகமற்ற பயன்பாடு மட்டும்" என்ற வகை கொமிஷன் தளத்துக்கு ஆகாது. விக்கிமீடியாவில் அந்த வகையை ஏற்பதில்லை, ஃபிளிக்கரில் நிறைய இருக்கும். "மாற்றம் கூடாது" வகையில் மேலே எழுத்துப் போடக் கூடாது. "அதே உரிமத்தில் பகிர்க" வகையில் எழுத்துப் போட்டு மாற்றினால், மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். இந்த வகைகள் எல்லாவற்றிலும் படைத்தவர் பெயர், மூல இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும் கட்டாயம். 2013 இல் வந்த 4.0 பதிப்பில், விட்ட பிழையைத் தெரிந்த 30 நாட்களுக்குள் திருத்தினால் உரிமை மீளும். பழைய பதிப்புகளில் அந்தத் தயவு இல்லை. அதைப் பயன்படுத்தியே பெயர் போடாதவர்களிடம் பணம் கறக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ் போன்றவை பணமில்லாமல் வணிகத்துக்கும் தரும். காலிமுகத்திடல் அந்திவானம், புறக்கோட்டைச் சந்தை, புகையிரத நிலையம் என்று கட்டுரையின் தலைப்புப் படத்துக்கு அருமை. ஹோட்டல் அறைக்கு வேண்டாம். பாலித் தீவின் அறையை வெள்ளவத்தை விடுதியின் பெயருக்குக் கீழ் போட்டால் பதிப்புரிமைப் பிரச்சினை இராது, வாசகரை ஏமாற்றிய பிரச்சினை வரும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் வணிகத்தில் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்த அறைக்கும் இதே கதைதான்.

காசு கொடுத்து வாங்கும் ஷட்டர்ஸ்டொக், அடோபி ஸ்டொக் படங்களில் குறிப்பிட்ட ஹோட்டலின் பெயர்ப்பலகை தெரிந்தால், பெரும்பாலும் "எடிட்டோரியல்" என்ற குறி இருக்கும். செய்திக்கு மட்டும் என்று அர்த்தம், விற்பனைப் பக்கத்துக்கு ஆகாது.

இன்ஸ்டகிராம் போன்ற தளங்களின் பதிவை, படத்தை இறக்காமல், அங்கிருந்தே உங்கள் பக்கத்தில் தெரியும்படி பதிப்பது (எம்பெட்) பற்றி அமெரிக்க நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. 2018 இல் நியூயோர்க்கில் டுவிட்டர் பதிவுகள் பற்றிய ஒரு தீர்ப்பு பதிப்பவருக்கு எதிராக வந்தது, 2023 இல் இன்ஸ்டகிராம் பதிவுகள் பற்றி மேற்குப் பக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிப்பவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஹோட்டலின் சொந்தக் கணக்கில் வந்த பதிவென்றால் எப்போதாவது ஒன்று போடலாம். அதை நம்பித் தளம் கட்டமாட்டேன்.

எதைத் தேர்வது?

இன்றைக்குக் கொழும்பு பற்றி ஒரு தமிழ்த் தளம் தொடங்குவதென்றால் நான் வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டி வரை உள்ள சின்ன விடுதிகளை முதலில் பிடிப்பேன். படம் நானே எடுப்பேன், எடுக்க விடாத இடத்தில் மேலே உள்ள செய்தியை அனுப்புவேன். பெரிய ஹோட்டல் பக்கங்களுக்கு விட்ஜெட், பிறகு வாசகர் கூடி ஏபிஐ கிடைத்தால் அது. பழைய கட்டடங்களின் வரலாற்றுக்கு விக்கிமீடியா. உலகம் முழுக்க ஆயிரம் ஹோட்டல் போடும் எண்ணம் இருப்பவருக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது, அவர் ஏபிஐ இல்லாமல் தொடங்கவே கூடாது.

எந்த வழியானாலும் ஒரு எக்செல் தாள் வைத்திருங்கள்: படத்தின் கோப்புப் பெயர், எங்கிருந்து வந்தது, எடுத்தவர், எந்த உரிமம் அல்லது எந்த மின்னஞ்சல், படத்தைப் பெற்ற திகதி, எப்போது காலாவதி. பெரிய வேலை இல்லை, படம் ஏற்றும்போதே ஒரு வரி. ஒரு நாள் பேர்லினிலோ லண்டனிலோ இருந்து படத்துக்குப் பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால், அந்தத் தாளைப் பார்த்துப் பதில் எழுதலாம். உரிமம் இருந்தால் அதன் பிரதியை அனுப்புங்கள். இல்லாவிட்டால் படத்தை உடனே இறக்கிவிட்டு, கேட்பவர் உண்மையில் உரிமையாளரா அல்லது அவருக்காகப் பேச அதிகாரம் பெற்றவரா என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். படத்தை இறக்கியதோடு பழைய பயன்பாட்டுக்கான பணக் கோரிக்கை தீர்ந்துவிடாது. தொகை பெரிதென்றால் பதில் போடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.